ஆர்ட்டெமிஸ் கேட்கும் ஈடு

முயல் வேட்டைக்கு எப்படிப் போவது என்று சொல்லித்தர ஏதென்ஸ்காரரான எழுத்தாளர் செனஃபோன் பெயரில் ஒரு சின்ன கிரேக்க நூல் இருக்கிறது. கி.மு. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. வலையை எப்படிக் கட்டுவது, நாய்க்குக் கூப்பிட வசதியாக எவ்வளவு சின்னப் பெயர் வைப்பது, உறைபனி விழுந்த காலையில் முயலின் வாடை ஏன் நாய்க்குக் கிடைப்பதில்லை என்றெல்லாம், அனுபவப்பட்ட ஒருவர் புதிதாக வந்தவனைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்கிற தோரணையில் போகும். நடுவில் போகிற போக்கில் ஒரு வரி வரும்: ரொம்பச் சின்ன முயல்குட்டிகளை வேட்டைக்காரர்கள் தெய்வத்துக்கென்று விட்டுவிடுவார்கள்.

எந்தத் தெய்வம் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. காடு, மலை, அதில் திரியும் உயிர்கள், அவற்றைத் துரத்தும் வேட்டை எல்லாமே ஆர்ட்டெமிஸுடையவை. தெய்வங்களின் அரசனான ஜீயஸுக்கும் லெட்டோவுக்கும் பிறந்தவள், அப்போலோவின் இரட்டைச் சகோதரி. வில்லோடு திரிகிற அவளுக்காகத்தான் குட்டியை விட்டுவிடுகிறார்கள்.

சுமார் ஐந்து நூற்றாண்டு கழித்து, கி.பி. 2ஆம் நூற்றாண்டில், செனஃபோனையே முன்னோடியாக வைத்துக்கொண்டு அர்ரியன் இன்னொரு வேட்டை நூல் எழுதினார். கெல்ட் மக்களின் வழக்கம் ஒன்றை அதில் சொல்கிறார். ஒரு முயல் பிடித்தால் 2 ஓபல் (சின்னக் கிரேக்கக் காசு), நரிக்கு 1 டிராக்மா (6 ஓபல்), மானுக்கு 4 டிராக்மா என்று ஓர் உண்டியலில் போட்டுக்கொண்டே வருவார்களாம். வருடத்துக்கு ஒருமுறை ஆர்ட்டெமிஸின் பிறந்தநாளில் உண்டியலைத் திறந்து, சேர்ந்த காசில் ஒரு விலங்கை வாங்கிப் பலியிட்டு விருந்து வைப்பார்கள். அன்று நாய்களுக்கும் மாலை உண்டு.

ஆர்ட்டெமிஸைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் நீண்ட நாளாகப் படித்துவருகிறேன். எங்கே தொட்டாலும் இந்த உண்டியல் கணக்கு மாதிரியே ஒன்று வந்து நிற்கிறது. உயிர் அவளுடையது. அதை எடுத்தால் ஈடு கொடுக்க வேண்டும். அவள் ஓர் உயிரைக் கேட்டால், அதைவிடச் சின்னதாக இன்னொன்றைக் கொடுத்து அவளைச் சம்மதிக்க வைக்க வேண்டும். மானுக்குப் பதில் காசு, மகளுக்குப் பதில் ஆடு, உயிருக்குப் பதில் ஒரு சொட்டு ரத்தம், ஒரு உடுப்பு, ஒரு கொத்து முடி. அவளுடைய கோயில்களில் நடந்த பெரும்பாலான சடங்குகளை இந்த ஒரு நூலில் கோத்துவிடலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

நிலவைப் பற்றி முதலில் பேசிவிடலாம். இணையத்தில் அவள் பெயரைத் தேடினால் நெற்றியில் பிறையோடுதான் வருகிறாள். ஆனால் ஹோமரிடம் அவளுக்கும் நிலவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கிரேக்கர்களின் நிலவுத் தெய்வம் செலினி. தூங்கிக்கொண்டே இருக்கிற எண்டிமியோனை நேசித்தவளும் அவள்தான். அப்போலோவைச் சூரியனோடு சேர்த்துப் பார்க்கும் பழக்கம் வளர வளர, இரட்டையரில் மற்றவளான ஆர்ட்டெமிஸ் நிலவோடு சேர்ந்தாள். ரோமானியர்களின் டயானாவோடு அவள் ஒன்றானபோது பிறை நிலைத்துவிட்டது. கிரேக்கக் கோயில்களில் அவள் கையில் இருந்த வெளிச்சம் பெரும்பாலும் தீப்பந்தம்தான்.

ஓர் இடத்தில் மட்டும் நிலவு அழகாக உள்ளே வருகிறது. ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸில் முனிக்கியா என்ற குன்று இருக்கிறது. அங்கே அவளுக்கு வசந்த காலத்தில், மாதத்தின் 16ஆம் நாள், அதாவது பௌர்ணமியை ஒட்டி, ஒரு விழா. வட்டமான பணியாரங்களைச் சுற்றிச் சின்னச் சின்ன விளக்குகளைக் குத்தி எடுத்துப் போவார்கள். மேற்கே நிலவு இறங்குவதற்குள் கிழக்கே சூரியன் ஏறிவிடுகிற, வானத்தில் இரண்டு பக்கமும் ஒளி இருக்கிற அந்த நாளுக்குரிய பலகாரம் அது என்று பழைய விளக்கம் ஒன்று உண்டு. சலாமிஸ் கடற்போரில் வென்ற கிரேக்கர்களுக்குத் தெய்வம் முழுநிலவாக ஒளி வீசியதால்தான் அந்த நாள் அவளுக்கு என்று கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதுகிறார்.

சரி, ஹோமரிடம் அவள் யார்? 'இலியட்'டின் 21ஆம் காண்டத்தில் தெய்வங்களே ஒருவரோடொருவர் மோதிக்கொள்ளும்போது ஜீயஸின் மனைவி ஹேரா அவளுடைய இரண்டு மணிக்கட்டுகளையும் இடது கையால் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறாள். வலது கையால் அவளுடைய வில்லையே பிடுங்கி அவள் காதோரம் அடிக்கிறாள், அதுவும் சிரித்துக்கொண்டே. அம்புகள் சிதறுகின்றன. ஆர்ட்டெமிஸ் அழுதுகொண்டே ஓடிப்போய் அப்பா மடியில் உட்காருகிறாள். சிதறிய அம்புகளை அம்மா லெட்டோ பொறுக்கி எடுத்துக்கொண்டு பின்னால் போகிறாள். இப்படி அடிக்கிறதுக்கு முன்னால்தான் ஹேரா முக்கியமான ஒன்றைச் சொல்கிறாள்: ஜீயஸ் உன்னைப் பெண்களுக்குச் சிங்கமாக ஆக்கி வைத்திருக்கிறார், நினைத்தவளைக் கொல்ல உனக்கு உரிமை கொடுத்திருக்கிறார்.

பெண்களுக்குச் சிங்கம். ஒரு பெண் திடீரென்று இறந்துவிட்டால் அது ஆர்ட்டெமிஸின் அம்பு என்றுதான் கிரேக்கர்கள் சொன்னார்கள். கணவன் திரும்பி வராத துக்கத்தில் பெனலோப்பி 'ஒடிஸி'யில் அவளிடம்தான் சாவைக் கேட்கிறாள், இப்போதே ஒரு அம்பு விட்டு என் உயிரை எடுத்துக்கொள் என்று. அந்தக் காலத்தில் பெண்கள் அதிகம் செத்த இடம் எது என்று நாம் யோசித்தால் போதும். பிரசவ அறைதான். அந்த அறைக்குத் துணையாக அவர்கள் கூப்பிட்டதும் இதே ஆர்ட்டெமிஸைத்தான்.

கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாண்டிரியாவில் இருந்த கல்லிமாக்கஸ் அவள்மீது ஒரு துதிப்பாடல் எழுதினார். அதில் அவள் சின்னக் குழந்தை. ஜீயஸின் மடியில் உட்கார்ந்து வரிசையாக வரம் கேட்கிறாள். எப்போதும் கன்னியாகவே இருக்க வேண்டும். தம்பி அப்போலோ போட்டிக்கு வர முடியாத அளவுக்கு நிறையப் பெயர்கள் வேண்டும். விலங்குகளைத் துரத்த வசதியாக முழங்கால் வரை மட்டும் வருகிற, கரை வைத்த உடுப்பு வேண்டும். கூட ஆடுவதற்கு 9 வயதுப் பெண்கள் 60 பேர் வேண்டும். எல்லா மலைகளும் வேண்டும். நகரம் ஏதாவது ஒன்று கொடுத்தால் போதும், அங்கே எனக்கு அதிக வேலை இருக்காது. பிரசவ வலியில் பெண்கள் கூப்பிட்டால் மட்டும் இறங்கி வருவேன், ஏனென்றால் என்னைப் பெறும்போது என் அம்மாவுக்கு வலிக்கவே இல்லை என்கிறாள். கேட்டு முடித்ததும் அப்பாவின் தாடியைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டுகிறாள், எட்டவில்லை. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

அப்போலோ பிறந்தபோது, முதலில் பிறந்த ஆர்ட்டெமிஸே அம்மாவுக்குப் பிரசவம் பார்த்தாள் என்றும் ஒரு கதை உண்டு. தான் ஒருபோதும் பிள்ளை பெறப்போவதில்லை என்று உறுதியாக இருப்பவள், பிள்ளை பெறுகிற எல்லாப் பெண்களின் தலைமாட்டிலும் நிற்கிறாள். அதே கையில்தான் அந்த அம்பும் இருக்கிறது. இதை முரண்பாடு என்று சொல்லிவிட்டு நகர்வது சுலபம். எனக்கு அப்படிச் சொல்லத் தோன்றவில்லை. பிரசவத்தில் உயிர் வருவதும் போவதும் ஒரே வாசல் வழியாகத்தான். அந்த வாசலில் நிற்பவளைத்தானே இரண்டுக்கும் கேட்க முடியும்?

இஃபிஜீனியாவின் கதையைப் பலரும் கேட்டிருப்பீர்கள். டிராய்க்குப் புறப்பட்ட கிரேக்கக் கப்பல்கள் காற்றுக் கோளாறால் ஆலிஸ் துறையில் முடங்கிக் கிடக்கின்றன. ஆர்ட்டெமிஸ் கோபத்தில் இருக்கிறாள். படைத்தலைவன் அகமெம்னான் தன் மூத்த மகளைப் பலியிட்டால்தான் வழி பிறக்கும். கோபத்துக்குக் காரணம் அவன் அவளுடைய மானைக் கொன்றது என்பது ஒரு கதை. கி.மு. 458இல் மேடையேறிய 'அகமெம்னான்' நாடகத்தில் ஈஸ்கிலஸ் வேறொன்று சொல்கிறார். இரண்டு கழுகுகள் ஒரு சினை முயலை, வயிற்றுக்குள் இருக்கும் குட்டிகளோடு, கிழித்துத் தின்னுகின்றன. சிங்கக் குட்டிகள்மீதும் காட்டில் பால் குடிக்கிற எல்லாக் குட்டிகள்மீதும் பிரியம் வைத்தவள் அவள், அதைப் பார்த்து வெறுத்தாள் என்று பாடகர் குழு சொல்கிறது. டிராயில் சாகப்போகிற குழந்தைகளுக்கும் சேர்த்து அவள் முன்கூட்டியே ஈடு கேட்கிறாள்: குட்டியைக் கொல்லத் துணிகிறாயா, உன் குட்டியை முதலில் கொடு. அந்த நாடகத்தில் இஃபிஜீனியாவை ஆட்டுக்குட்டியைத் தூக்குவதுபோல் பலிபீடத்துக்குமேல் தூக்குகிறார்கள். தப்பிக்க வழியில்லை.

இன்னொரு நாடகாசிரியரான யூரிப்பிடிஸ் எழுதியபோது வழி இருந்தது. கத்தி இறங்கும் கணத்தில் ஆர்ட்டெமிஸ் பெண்ணைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறாள். பீடத்தில் ஒரு மான் துடித்துக்கொண்டு கிடக்கிறது. கருங்கடலோர டாரிஸ் நாட்டில் அவளுக்கே பூசாரியாக இருக்கும் இஃபிஜீனியாவைத் தம்பி ஒரெஸ்டஸ் மீட்டு வருவதுதான் அவருடைய ஒரு நாடகம். அந்த நாடகத்தின் முடிவில் அதீனா தோன்றி இரண்டு ஏற்பாடுகள் செய்கிறாள். இரண்டுமே ஏதென்ஸைச் சுற்றியுள்ள ஆட்டிகாவின் கிழக்குக் கடற்கரையில் நிஜமாகவே இருந்த கோயில்களைப் பற்றியவை.

முதலாவது ஹலாய் என்ற ஊரில். டாரிஸில் நரபலி கேட்ட தெய்வத்தின் சிலை அங்கே வரும். ஆண்டு விழாவில் ஒரு மனிதனின் கழுத்தில் வாளை வைத்து, ரத்தம் லேசாகக் கசியும்படி கீற வேண்டும், தெய்வத்துக்குரிய மரியாதை போய்விடாமல் இருப்பதற்காக. முழு உயிருக்கு அந்த ஒரு கீறல் போதும்.

இரண்டாவது பிரவ்ரோன். இஃபிஜீனியா அங்கே ஆர்ட்டெமிஸின் சாவியைக் காப்பவளாக இருந்து, இறந்து, அங்கேயே புதைக்கப்படுவாள். பிரசவத்தில் உயிர் விட்ட பெண்கள் வீட்டில் விட்டுப்போன நல்ல நெசவுத் துணிகளை அவளுக்குக் கொண்டுவந்து கொடுப்பார்கள்.

பிரவ்ரோனைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். எரசினோஸ் என்ற சின்ன ஆறு கடலில் கலக்கிற இடம், ஒரு பாறைக் குன்று, அதன் அடியில் ஓர் ஊற்று. 1948இல் யோவானிஸ் பாப்பாதிமித்ரியூ என்ற தொல்லியலாளர் அங்கே தோண்டத் தொடங்கி, 1963இல் இறக்கும்வரை தொடர்ந்தார். ஆற்று வெள்ளம் கொண்டுவந்து போட்ட சேறு மூடியிருந்ததால் வேறு இடங்களில் மக்கிப்போயிருக்கும் மரப்பொருள்கள்கூட அங்கே கிடைத்தன. ஊற்றுக்குள் பெண்கள் போட்ட மோதிரங்கள், கண்ணாடிகள். கி.மு. 5ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டிய தூண் மண்டபம், அதையொட்டி உணவறைகள். அப்புறம் பளிங்கில் செதுக்கிய சின்னப் பெண்குழந்தைகள்! கொழுகொழு கன்னத்தோடு, கையில் புறாவையோ முயலையோ அணைத்துக்கொண்டு நிற்கிறார்கள். கிரேக்கச் சிற்பம் என்றாலே கட்டுமஸ்தான ஆண் உடல்கள்தான் நினைவுக்கு வரும் நமக்கு. ஒரு மூலையில் இவ்வளவு பெண்குழந்தைகள் இருப்பது பள்ளிக்கூட வரலாற்றுப் பாடத்தில் வந்ததே இல்லை.

அந்தக் குழந்தைகள் அங்கே கரடிகள். உண்மையாகவே அப்படித்தான் பெயர். கதை இதுதான்: கோயிலில் ஒரு பெண் கரடி பழகித் திரிந்துகொண்டிருந்தது. ஒரு சிறுமி அதைச் சீண்டினாள். அது அவளைப் பிறாண்டிவிட்டது. அவளுடைய அண்ணன்மார் கரடியைக் கொன்றார்கள். ஊரில் கொள்ளைநோய் வந்தது. பரிகாரமாக இனி உங்கள் பெண்பிள்ளைகள் தெய்வத்துக்குக் கரடியாக இருக்கட்டும் என்று குறி வந்தது. கரடியாக இருந்து முடிக்காத பெண்ணுக்குக் கல்யாணம் கூடாது என்று ஏதென்ஸ்காரர்கள் தீர்மானம் போட்டார்கள் என்று பிற்கால உரைகள் சொல்கின்றன. கி.மு. 411இல் அரிஸ்டோஃபனிஸின் 'லிசிஸ்ட்ராட்டா' நாடகத்தில் பெண்கள் கூட்டமாக நின்று, ஊர் எங்களை எப்படி வளர்த்தது தெரியுமா என்று பெருமையோடு பட்டியல் போடும்போது, குங்குமப்பூ நிற உடுப்பில் பிரவ்ரோன் விழாவில் கரடியாக இருந்தேன் என்பதும் அதில் ஒன்று. அங்கே கிடைத்த சின்ன மண் கிண்ணங்களில் சிறுமிகள் ஓடுகிறார்கள், சிலர் குட்டை உடுப்பில், சிலர் உடுப்பே இல்லாமல். ஓட்டமா, துரத்தலா, ஆட்டமா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

கொஞ்ச வருடத்தில் இந்தக் குழந்தைகளுக்குக் கல்யாணம் ஆகிவிடும். பதினான்கு, பதினைந்து வயதில் புருஷன் வீட்டு உள்ளறைக்குப் போய்விடுவார்கள். அதற்குமுன் காட்டுத் தெய்வத்தின் எல்லையில் கரடியாகத் திரியக் கிடைத்த காலம் இது. இதை அடக்கி வளர்க்கிற பயிற்சி என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. அடக்க மட்டும்தான் வேண்டும் என்றால் வீட்டிலேயே அடக்கியிருக்கலாமே, கரடியாக ஆக்கி ஓடவிடுவானேன்?

அப்புறம் அந்தத் துணிகள். பிரவ்ரோனுக்கு வந்த உடுப்புகளைக் கோயில் நிர்வாகம் கல்லில் பட்டியல் போட்டு வைத்தது. அதன் பிரதி ஏதென்ஸ் அக்ரோபோலிஸிலும் நின்றது. கி.மு. 4ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள். கவிதை எதுவும் கிடையாது, வெறும் கணக்கு. கொடுத்தவள் பெயர், என்ன துணி, என்ன கரை, எந்த நிலையில் இருக்கிறது. ம்னீசோ, தவளை நிற உடுப்பு ஒன்று. நௌசிஸ், அகலமான ஊதாக் கரையில் அலை போட்ட மேலாடை ஒன்று. குழந்தைச் சட்டைகள் வருகின்றன. பெட்டிக்குள் வைத்தது என்று ஒன்று, சிலையின்மேல் போர்த்தியது என்று ஒன்று, கந்தலாகிவிட்டது என்று இன்னொன்று. நல்லபடியாகப் பெற்றெடுத்தவள் நன்றிக்குக் கொடுத்தது எது, இறந்தவளின் வீட்டார் கொண்டுவந்தது எது என்று கல் பிரித்துச் சொல்வதில்லை.

எங்கள் பாட்டியின் டிரங்குப் பெட்டியில் அடியில் ஒரு அரக்குப் புடவை இருந்தது. முதல் பிரசவத்தில் போய்விட்ட அவருடைய தங்கையின் புடவை. யாரும் கட்ட மாட்டார்கள், யாருக்கும் கொடுக்கவும் மாட்டார்கள். வருடத்துக்கு ஒருமுறை வெயிலில் காயவைத்து மறுபடி மடித்து வைப்பார். ம்னீசோவின் தவளை நிற உடுப்பைப் படித்தபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. அதைக் கொண்டுபோய்க் கொடுக்க ஓர் இடம் பாட்டிக்கும் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஈடு கொடுப்பது எல்லா இடத்திலும் இப்படி மென்மையாக இல்லை. முனிக்கியாவிலும் ஒரு கரடிக் கதை உண்டு. அங்கே குறி கேட்டது ஒரு மகளின் உயிரை. எம்பாரோஸ் என்பவன், பூசாரிப் பதவி என் குடும்பத்துக்கென்றால் நான் தருகிறேன் என்று முன்வந்தான். மகளைக் கருவறையில் ஒளித்துவைத்துவிட்டு, ஒரு ஆட்டுக்கு அவளுடைய உடுப்பைப் போட்டு வெட்டினான். தெய்வம் ஏற்றுக்கொண்டது, அவன் பெயர் ஏதென்ஸில் பழமொழியாகிவிட்டது. மராத்தான் போருக்கு முன் ஏதென்ஸ்காரர்கள் வேட்டை ஆர்ட்டெமிஸிடம், எத்தனை பாரசீகர்களைக் கொல்கிறோமோ அத்தனை ஆடு தருகிறோம் என்று வேண்டிக்கொண்டார்கள். கி.மு. 490. ஹெரடோட்டஸ் கணக்குப்படி விழுந்தவர்கள் சுமார் 6,400 பேர். அவ்வளவு ஆடு கிடைக்கவில்லை. வருடத்துக்கு 500 என்று தவணை வைத்துக்கொண்டார்கள். தன் காலத்திலும் அந்தப் பலி நடந்துகொண்டிருக்கிறது என்று செனஃபோன் எழுதுகிறார். போர் முடிந்து அப்போது சுமார் நூறு வருடம்.

ஸ்பார்ட்டாவை நினைத்தால் மனம் கசக்கிறது. அங்கே ஆர்ட்டெமிஸ் ஆர்த்தியாவின் பலிபீடத்தில் ஒருகாலத்தில் சீட்டுப் போட்டு மனிதர்களைப் பலியிட்டார்கள் என்றும், ஸ்பார்ட்டாவுக்குச் சட்டம் வகுத்தவராகச் சொல்லப்படும் லைகர்கஸ் அதை மாற்றி இளைஞர்களைச் சாட்டையால் அடிக்கும் சடங்காக்கினார் என்றும் கிரேக்கப் பயண எழுத்தாளர் பௌசானியாஸ் சொல்கிறார். பூசாரிப் பெண் மரச்சிலையைக் கையில் ஏந்தி நிற்பாள். பையனின் அழகையோ குடும்பத்தையோ பார்த்து யாராவது மெல்ல அடித்தால் சிலை கனத்துப்போய்த் தூக்க முடியாமல் ஆகிவிடுமாம். உயிருக்குப் பதிலாக வந்த அடியே திரும்ப உயிரை வாங்கியது. அங்கே பலர் அடிபட்டுச் செத்ததைத் தானே பார்த்ததாகப் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். கி.பி. 3ஆம் நூற்றாண்டில் இதை வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்காகப் பீடத்தைச் சுற்றி அரங்கமே கட்டினார்கள். அந்த அரங்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் ஆர்ட்டெமிஸுக்கும் எந்தச் சம்பந்தமும் இருந்ததாக நான் நினைக்கவில்லை.

எபேசு நகரத்துக் கோயில் உலக அதிசயங்கள் ஏழில் ஒன்று என்பதால் அதைப் பற்றி ஏற்கெனவே நிறையப் பேர் எழுதியாகிவிட்டது. தமிழ் விவிலியம் வாசிப்பவர்களுக்கு, எபேசியருடைய தியானாளே பெரியவள் என்று தட்டான்கள் கூச்சல் போட்ட தெய்வம் இவள்தான் என்று சொன்னால் போதும். அங்கே எனக்குப் பிடித்தது ஒரு செவிவழிச் செய்தி. கி.மு. 356இல் ஹெரோஸ்ட்ராட்டஸ் என்பவன் தன் பெயர் நிலைக்க வேண்டும் என்று கோயிலுக்குத் தீ வைத்தான். தன் வீடு எரிந்தபோது தெய்வம் எங்கே போயிருந்தாள்? மாசிடோனியாவில் பிரசவம் பார்க்கப் போயிருந்தாள், அன்றிரவுதான் அலெக்சாண்டர் பிறந்தான் என்று சொன்னார்கள். மடியில் உட்கார்ந்து கேட்ட வரத்தின்படிதான் நடந்திருக்கிறாள்.

கல்யாணத்துக்கு முன் பெண்கள் அவளிடம் வந்து விட்டுப்போனவற்றில் மனதைத் தொடுவது டிமரேட்டா என்ற பெண்ணின் காணிக்கை. பெயர் தெரியாத ஒருவர் எழுதிய ஒரு சின்னக் கிரேக்கப் பாட்டில் அது இருக்கிறது. தம்பட்டம், ஆசைப்பட்டு விளையாடிய பந்து, தலைமுடியைக் கட்டிய வலை, பொம்மைகள், பொம்மைகளுக்குத் தைத்த உடுப்புகள் எல்லாவற்றையும் ஏரிக்கரை ஆர்ட்டெமிஸுக்குக் கொடுக்கிறாள். தெய்வமே, இந்தப் பெண்ணின்மேல் உன் கையை வைத்துக் காப்பாற்று என்று பாட்டு முடிகிறது. பொம்மையின் உடுப்பு வரைக்கும் எண்ணிக் கொடுத்துவிட்டுப் போகிறவளுக்கு அடுத்து வரப்போவது பிரசவ அறைதான் என்று பாட்டுக் கட்டியவருக்கும் தெரியும், கேட்டவர்களுக்கும் தெரியும்.

எதையும் கொடுத்துவிட்டுக் கடந்துபோக விரும்பாமல், அவளுடைய காட்டிலேயே நின்றுவிட்ட ஒருவன் உண்டு. யூரிப்பிடிஸ் கி.மு. 428இல் அரங்கேற்றிய நாடகத்தில் வரும் ஹிப்போலிட்டஸ். யாரும் ஆடு மேய்க்காத, அரிவாள் படாத புல்வெளியில் பூப்பறித்து அவளுக்கு மாலை கட்டுகிறவன். காதலும் வேண்டாம், கல்யாணமும் வேண்டாம். அவளோடு வேட்டையாடி, அவள் குரலைக் கேட்டுக்கொண்டு இருந்தால் போதும். இதனால் கோபப்பட்ட காதல் தெய்வம் அஃப்ரோடைட் அவனைக் கொல்ல ஏற்பாடு செய்கிறாள். குதிரைகள் மிரண்டு, தேர் உடைந்து, குற்றுயிராகக் கிடக்கிறான். ஆர்ட்டெமிஸ் வருகிறாள். ஆனால் கடைசிவரை இருக்கவில்லை. சாகிறவர்களின் மூச்சு என் கண்ணில் படக்கூடாது என்று சொல்லிப் புறப்படுகிறாள். நம் நீண்ட நட்பை இவ்வளவு சுலபமாக விட்டுப்போகிறாயே என்கிறான் அவன். எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் எனக்கு அவள்மேல் கோபம் வருகிறது. பிரசவ அறைக்கு வருகிறவள் இங்கே நின்றிருக்கலாம்.

போவதற்கு முன் அவனுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறாள். டிரீசன் நகரத்துப் பெண்கள் கல்யாணத்துக்கு முன் உனக்காகத் தங்கள் முடியை வெட்டிக் கொடுப்பார்கள், நெடுங்காலத்துக்கு அவர்களுடைய கண்ணீர் உனக்கு உண்டு என்று. சுமார் 600 வருடம் கழித்து, கி.பி. 2ஆம் நூற்றாண்டில், பௌசானியாஸ் டிரீசனுக்குப் போனார். அங்கே ஹிப்போலிட்டஸுக்குத் தோப்பும் கோயிலும் இருந்தன. ஆண்டுதோறும் பலி நடந்தது. ஒவ்வொரு பெண்ணும் கல்யாணத்துக்கு முன் தன் முடியில் ஒரு கொத்தை வெட்டி, அந்தக் கோயிலுக்கு எடுத்துவந்து கொடுக்கிறாள் என்று அவர் குறித்துவைத்திருக்கிறார்.